"கதவு நின்னா போதும் பாப்பா!" - ஆயாவுக்காக ஓசூர் பட்டறைகளில் ஓர் அம்பாசடர் அலைச்சல்

ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்கு காரிலேயே மேலே போய்விடலாம். அன்று பிரதோஷம், நல்ல கூட்டம். மேட்டைப் பார்த்து மூக்கை வைத்து வண்டியை நிறுத்தினார் தாத்தா. இறங்கி, சுற்றி வந்து, ஆயா உட்கார்ந்திருந்த முன்பக்க இடது கதவைத் திறந்து, வழக்கம்போல ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். ஆயா வலது காலைச் சீட்டில் ஊன்றி, இடது காலை வெளியே வைத்த நேரம் பார்த்து கட்டை நழுவியது. கதவு அப்படியே அவர் முழங்காலுக்குக் கீழே வந்து மோதியது.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், முட்டி ஆபரேஷன் முடிந்து எட்டே மாதம் ஆன கால். அன்றிரவு மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார். "இந்த வண்டிய இந்த மாசமே எடைக்குப் போட்டுடலாம்."

தாத்தா பதில் பேசவில்லை. ஆயாதான் பேசினார். "வண்டிய போட்டுட்டா நான் எதுல போறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் மூன்று வாரம் ஓசூரில் பட்டறை பட்டறையாக அலைந்தேன். (எங்கள் பக்கம் பாட்டியை `ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். சென்னை நண்பர்கள் குழம்ப வேண்டாம்!)

ஏன் இந்த வண்டிதான் வேண்டும்?

தாத்தாவின் வண்டி 1984-ம் வருட அம்பாசடர் மார்க் 4. பெட்ரோல். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருபது வருடங்களுக்கும் மேலாக டாக்ஸி ஓட்டியவர் அவர். டாக்ஸியை விட்ட பிறகு, ஆசைக்காக வாங்கிய சொந்த வண்டி இது.

அம்பாசடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே முகம். 2017-ல் அந்தப் பெயரை பிரான்ஸின் பீஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

ஆனால், ஆயாவுக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. அவருக்கு வேண்டியது சீட்டின் உயரம். மாமாவின் கார் தாழ்வானது. உட்கார வேண்டும் என்றால் முட்டியை முழுசாக மடக்கி விழ வேண்டும். சித்தப்பா வைத்திருக்கும் எஸ்.யு.வி-யில் ஏற, படிக்கட்டு ஏறுவது மாதிரி காலைத் தூக்க வேண்டும். அம்பாசடரில் அகலமான கதவு, சோபா மாதிரியான நீளச் சீட், நாற்காலி உயரம். திரும்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டால் முடிந்தது. ஒரே நிபந்தனை... அந்த அரை நிமிடமும் கதவு திறந்தபடி நிற்க வேண்டும்.

அதுதான் நிற்கவில்லை.

கதவை யார் பிடித்து நிறுத்துகிறார்கள்?

கார் கதவைத் திறந்தால் அது ஓரிடத்தில் `டக்'கென்று நிற்கும். அதை நாம் யாரும் கவனிப்பதில்லை, நிற்காமல் போகும் வரை. அந்த வேலையைச் செய்வது கீல் அல்ல. இரண்டு கீல்களுக்கும் நடுவில் இருக்கும் ஓர் இரும்புப் பட்டை. மெக்கானிக்குகள் பாஷையில் `டோர் செக்' அல்லது `டோர் ஸ்டாப்பர்'.

குதிரை வண்டிக் காலத்திலும் ஆரம்பகால கார்களிலும் இந்த இடத்தில் ஒரு தோல் வார் இருந்தது. கதவு அளவுக்கு மீறி விரிந்து உடம்பில் மோதாமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. பிறகு தோலுக்குப் பதில் இரும்பு வந்தது. அதோடு, திறந்த கதவை நிறுத்தி வைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

அமைப்பு ரொம்ப எளிமை. பட்டையின் ஒரு முனை காரின் தூணில் ஒரு பின்னால் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை, கதவின் ஓரத்தில் உள்ள துளை வழியாகக் கதவுக்குள் போகும். துளைக்கு உள்பக்கம் ஒரு சின்ன பெட்டி. அதற்குள் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஓர் உருளை. மாடலுக்கு மாடல் உருளைக்குப் பதில் ரப்பர் கட்டையோ, பட்டை ஸ்பிரிங்கோ இருக்கலாம். கதவைத் திறக்கும்போது பட்டை அந்தப் பெட்டிக்குள் நகரும். பட்டையில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். உருளை அந்தப் பள்ளத்தில் விழும்போதுதான் `டக்' சத்தம். கதவு நிற்கும். சாத்த வேண்டும் என்றால் கொஞ்சம் பலமாகத் தள்ளி, உருளையைப் பள்ளத்திலிருந்து மேலேற்ற வேண்டும்.

பள்ளம் தேய்ந்தாலும், உருளை தேய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும் கதவுக்குப் பிடிமானம் போய்விடும். பிறகு கதவை ஆட்டிவைப்பது சரிவுதான். முன்பக்கம் கீல் உள்ள கதவு என்றால், வண்டி மேட்டைப் பார்த்து நிற்கும்போது கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் விரியத் திறக்கும்.

ஒரு சின்ன கணக்கு. கதவின் எடை 20 கிலோ, சரிவு 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முழுசாகத் திறந்த கதவின் ஓரத்தைச் சுமார் 850 கிராம் விசை சாத்தத் தள்ளும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால், யாரும் பிடிக்காவிட்டால் கதவு வேகமெடுத்துக்கொண்டே வரும். கடைசியில் மோதுவது 20 கிலோ இரும்பு. சமதளமான எங்கள் தெருவில் சும்மா இருந்த கதவு, மலைமேல் ஏன் ஆயாவை அடித்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"முதல்ல கதவ தூக்கிப் பாரு!"

முதலில் போன பட்டறையில் எண்ணெயை ஊற்றி, "சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், "இந்த வண்டிக்கா?" என்று சிரித்தார்கள். மூன்றாவதாக, ராயக்கோட்டை சாலையில் ஒரு டிங்கரிங் பட்டறை. அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். தாத்தாவிடம் கன்னடத்தில் பேசினார். உதவிக்கு இருந்த பையனைத் தெலுங்கில் அதட்டினார். என்னிடம் தமிழில், "தள்ளி நில்லு பாப்பா" என்றார். ஓசூரில் இது புதிதல்ல. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அந்தப் பக்கம் கர்நாடகம். மூன்று மொழியும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கும் ஊர் இது.

பெரியவர் பட்டையைப் பார்க்கவே இல்லை. கதவைப் பாதி திறந்து, கீழ் விளிம்பின் பின்முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். `லொடக்' என்றது.

"இது முதல் நோய். மேல் கீல் பின்னு தேஞ்சிருக்கு. கதவு தொங்குது. தொங்குற கதவுல செக் பட்டை கோணலா ஓடும். புதுசு போட்டாலும் ஆறு மாசத்துல தின்னுடும். கீல சரி பண்ணாம அத தொடக் கூடாது" என்றார்.

கீலில் பின் தேய்ந்தால், ஓட்டையும் நீள்வட்டமாக விரிந்துவிடும். அதே அளவு பின்னைத் திரும்பப் போட்டால் ஆட்டம் நிற்காது. ஓட்டையைச் சற்றுப் பெரிதாக, வட்டமாக ரீமர் போட்டு, அதற்கேற்ற பருமனில் புதுப் பின் இறக்க வேண்டும். அதைச் செய்தார். கதவைத் தூக்கிப் பார்த்தோம். சத்தம் இல்லை.

பிறகுதான் கதவைப் பிரித்தார். அவர் செய்த முதல் காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு கயிற்றை எடுத்து, கதவுக் கைப்பிடியையும் உள்ளே ஸ்டீயரிங்கையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டினார்.

"எதுக்குங்க ஐயா கயிறு?"

"செக்க கழட்டிட்டா கதவுக்கு எல்லை கெடையாது பாப்பா. காத்து அடிச்சா அப்படியே திரும்பி மட்கார்டுல போயி மோதும். கதவும் போச்சு, மட்கார்டும் போச்சு, பெயின்ட்டும் போச்சு."

கண்ணாடியை முழுசாக மேலே ஏற்றினார். கண்ணாடி சுற்றும் கைப்பிடியின் அடியில் இருந்த வட்டத் தட்டை உள்ளே அழுத்தி, தெரிந்த சின்ன பின்னைத் தட்டி எடுத்தார். கைப்பிடி கையோடு வந்தது. உள் அட்டையை ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பினார். தூணில் இருந்த பின், கதவு ஓரத்தில் இருந்த போல்ட்டுகள் இரண்டும் கழன்றதும், கதவின் வயிற்றுக்குள் கையை விட்டு அந்தப் பெட்டியை வெளியே எடுத்தார்.

உள்ளே கிரீஸ் என்று ஒன்று இருந்த அடையாளம் மட்டும்தான் மிச்சம். கறுப்புக் களிம்பாக இறுகிக் கிடந்தது. உருளை சுற்றவே இல்லை. சுற்றாத உருளையின் மேல் பட்டை இழுபட்டு இழுபட்டு, அதன் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. பட்டையில் பள்ளம் இருந்த இடம் வழுவழுவென்று ஆகியிருந்தது. போன பட்டறையில் ஊற்றிய எண்ணெய், தூசியைச் சேர்த்துக்கொண்டு உப்புக்காகிதம் மாதிரி வேலை செய்திருக்கிறது.

ஒரு சின்ன உருளை. கட்டைவிரல் நகம் அளவு. அது சுற்றாததால் ஒரு குடும்பமே சண்டை போட்டுக்கொண்டிருந்தது!

ஜே.சி. ரோட்டில் கிடைத்ததும் கிடைக்காததும்

பழைய வண்டிக்கு பார்ட்ஸ் தேடுபவர்களுக்குச் சில ஊர்கள் புண்ணிய க்ஷேத்திரங்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு ஜே.சி. ரோடு. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். விடுமுறை நாளில் தாத்தாவும் நானும் பஸ் ஏறினோம்.

நாலு கடை ஏறி இறங்கியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று, ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய பழைய பட்டை. எங்களுடையதைப் போலவே தேய்ந்தது. இன்னொன்று பளபளவென்று புதுசு. ஆனால், வைத்துப் பார்த்தால் எங்கள் பட்டையைவிட விரல் அகலம் நீளம். "மாட்டிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். தாத்தா வாங்கவில்லை. நீளம் கூடினால் கதவு கூடுதலாக விரியும், அதன் முன் விளிம்பு மட்கார்டை நசுக்கும். குறைந்தால் கதவு பாதியில் நின்றுவிடும், ஆயா நுழைய முடியாது.

அம்பாசடருக்காவது தேட ஒரு சந்தை இருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலொட்டி வரைந்த கார் அது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு வந்தது. நம் குடும்பங்களுக்கு அது போதாது என்று, நான்கு கதவு ஹெரால்டைத் தயாரித்தது இந்தியாவில்தான். அப்படியென்றால் அந்தப் பின்கதவுக்கு உலகத்தில் வேறெங்கும் பார்ட்ஸ் கிடையாது. ஹெரால்டு வைத்திருப்பவர் ஒரு சின்ன துண்டு உடைந்தாலும் செய்துதான் ஆக வேண்டும்.

கடைசியில் நாங்களும் அந்த முடிவுக்குத்தான் வந்தோம். வாங்க முடியாது, செய்யலாம்.

"ஒரே ஒரு பீஸா?"

செய்வதற்கு ஓசூரைவிட வேறு ஊர் வேண்டுமா? 1980-ல் டி.வி.எஸ் 50 மொபெட் வந்ததும், அசோக் லேலண்ட் தொழிற்சாலை தொடங்கியதும் இங்கேதான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரம் வந்துவிட்டது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர். பெரிய ஆலைகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சின்ன லேத் பட்டறைகள். போல்ட், புஷ், பின், கியர் என்று அங்கே செய்யாத பொருள் இல்லை.

ஆனால், சிப்காட் பின்பக்கச் சந்துகளில் நான் ஏறிய முதல் மூன்று பட்டறைகளிலும் ஒரே கேள்விதான். "எத்தன பீஸ்?"

"ஒண்ணு."

"ஒண்ணா? போம்மா..."

அவர்கள் மேல் கோபப்பட முடியாது. கணினியில் இயங்கும் சி.என்.சி மெஷினில் ஒரு வேலைக்கு செட்டிங் செய்யவே நேரம் பிடிக்கும். ஆயிரம் பீஸ் ஓடினால்தான் அந்த நேரத்துக்குக் கூலி கட்டும். ஒரு பீஸுக்காக ஓடும் மெஷினை நிறுத்தினால் நஷ்டம்.

நாலாவது பட்டறையில், மூலையில் ஒரு பழைய ஹெச்.எம்.டி லேத் இருந்தது. கையால் ஓட்டுவது. பட்டறைக்காரர் ஐம்பது வயதுக்காரர். அவரும் "கட்டாதும்மா" என்றுதான் ஆரம்பித்தார். தாத்தா சப்பையான அந்த உருளையை அவர் உள்ளங்கையில் வைத்து, "வீட்டுக்காரம்மாவுக்குக் கால் ஆபரேஷன் ஆயிருக்குது தம்பி. ஏறி எறங்க முடியல" என்றார். அவ்வளவுதான்.

அவர் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மதியம் சாப்பாட்டு டயத்துல வாங்கண்ணே. அப்போ மெஷின் சும்மாதான் நிக்கும்."

இ.என்.8 என்ற எஃகுக் கம்பியிலிருந்து புது உருளை கடைந்தார். அதற்கு நடுவில் கன்மெட்டல் புஷ். "எஃகு மேல எஃகு சுத்துனா மறுபடி சிக்கிக்கும். கன்மெட்டல் வழுக்கும்" என்றார். தேய்ந்த பட்டையை வெல்டிங்கில் நிரப்பி, அரத்தால் ராவி, பழையபடி பள்ளம் எடுத்தார். "பட்டை சாதா இரும்பு, அதனால வெல்டிங் தாங்கும். ஸ்பிரிங்குல மட்டும் வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்டா அதோட குணமே போயிடும். அத புதுசாத்தான் வாங்கணும்" என்று எச்சரித்தார்.

தாத்தா பணம் நீட்டினார். இருநூறு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார் அவர். அந்தப் பழைய லேத்தை அடுத்த வருடம் விற்கப்போவதாகச் சொன்னார். இடம் அடைக்கிறதாம். பையன் சி.என்.சி மட்டும் போதும் என்கிறானாம். வெளியே வந்ததும் தாத்தா சொன்னார். "அடுத்த உருளைக்கு எங்க போறது?" என்னிடம் பதில் இல்லை.

இறுக்கமா, இதமா?

மீண்டும் ராயக்கோட்டை சாலை. ஸ்பிரிங் விஷயத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். "நல்லா பலமானதா போடுங்க ஐயா, அசையவே கூடாது." பெரியவர் தலையாட்டி மறுத்தார். விரலால் தூணைத் தட்டிக் காட்டினார். பட்டை மாட்டும் இடத்தில் தகடு மெல்லியது. ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், கதவை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகடுதான் வலி தாங்கும். ஒருநாள் விரிசல் விடும். விரிசல் விட்டால் உள்பக்கம் தகடு வைத்து வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் என்று செலவு பத்து மடங்கு.

"கதவு நிக்கணும். ஆனா, வயசானவங்க ஒரு கையால சாத்தவும் முடியணும். அதுதான் கணக்கு" என்றார்.

மூன்று ஸ்பிரிங் மாற்றிப் பார்த்து, நடுத்தரமானதைத் தேர்ந்தெடுத்தார். புது கிரீஸ். பெட்டி உள்ளே போனது, போல்ட் ஏறியது. கயிற்றை அவிழ்க்கும் முன் கதவை மெதுவாக விரியத் திறந்து, மட்கார்டுக்கும் கதவு விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திறந்தார்... `டக்'.

நாற்பது வருட வண்டியில் அந்தச் சத்தத்தை நான் முதன்முறையாகக் கேட்டேன். கீல் பின், ஸ்பிரிங், கூலி, லேத், பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

உங்கள் வண்டியிலும் கதவு நிற்கவில்லையா?

* சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். அங்கேயும் நிற்கவில்லை என்றால் கோளாறு உறுதி. சரிவில் மட்டும் நழுவுகிறது என்றால் பிடிமானம் தளர ஆரம்பித்திருக்கிறது.
* கதவைப் பாதி திறந்து, பின்முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் கீல், பிறகுதான் செக்.
* `டக்' சத்தத்தோடு `கிரீச்', `மடக்' என்று வேறு சத்தமும் வந்தால் பட்டை மாட்டியிருக்கும் தூணில் தகடு விரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.
* செக்கைக் கழற்றும் முன் கதவைக் கயிற்றால் கட்டுங்கள். காற்றடிக்கும் இடத்தில் பிரிக்காதீர்கள்.
* எண்ணெய் ஊற்றுவது தற்காலிகம். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு கிரீஸ் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும்.
* வேறு மாடல் பட்டையை வாங்கினால் நீளத்தை அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள்.
* சரியாகும் வரை மரக்கட்டை முட்டு வேண்டவே வேண்டாம். ஓர் ஆள் நின்று பிடிப்பதுதான் பாதுகாப்பு. வயதானவர்களும் குழந்தைகளும் ஏறி இறங்கும் வரை, முடிந்தால் சமதளத்திலேயே நிறுத்துங்கள்.
* 50 வருடங்களைக் கடந்த, மூல வடிவம் மாறாத கார் என்றால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி `விண்டேஜ்' பதிவு பெறலாம். ஆனால், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. ஆயாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகும் வண்டி என்றால், வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

மறுபடி மலைக்கோயில்

அடுத்த பிரதோஷத்துக்கு அதே இடம், அதே மேடு. மாமாவும் கூட வந்தார், சாட்சிக்கு! தாத்தா இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்தார். `டக்'. கையை எடுத்தார். கதவு நின்றது. மாமா அதை விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஆயாவின் கைத்தடியை எடுத்துக் கொடுத்தார்.

ஆயா இரண்டு காலையும் வெளியே வைத்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இத்தனை நாளாக அவர் அந்தக் கதவைப் பார்த்துப் பயந்தார். அன்று அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபது வருடம் யார் யாருக்கோ டாக்ஸிக் கதவைத் திறந்துவிட்ட தாத்தா, பக்கத்தில் கை நீட்டியபடி தயாராக நின்றிருந்தார்.

"கதவு நிக்குது இல்ல? நீ முன்னாடி போயி செருப்ப விடு" என்றார் ஆயா.